மின்னலுக்கு வழி விடுங்கள்!

ஹாம் ரேடியோ என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அரசின் உரிமம் பெற்று, சொந்த வானொலிக் கருவியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்கள்தான் ஹாம்கள். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கி அந்தமானில் தொலைபேசிகள் முடங்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், தம் கருவி மூலம் அங்கிருந்து செய்தி அனுப்பி உதவினார்.

ஹாம்களின் கையடக்க வாக்கி-டாக்கிக்குச் சுமார் 5 வாட் சக்திதான். தரையில் நின்று பேசினால் சில கிலோமீட்டருக்குள் கட்டடமும் குன்றும் மறித்துவிடும். அதனால் மலையுச்சியில் ரிப்பீட்டர் வைப்பார்கள். ஓர் அதிர்வெண்ணில் வரும் குரலை வாங்கி, அதே நேரத்தில் இன்னோர் அதிர்வெண்ணில், கூடுதல் சக்தியோடு திருப்பி அனுப்பும் கருவி அது. ஆன்டெனா உயர உயர, குரல் எட்டும் தூரமும் கூடும். கூடவே மின்னல் தாக்கும் வாய்ப்பும் கூடும்.

மின்னல் தாக்கினால் என்ன ஆகும்? உங்கள் வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர் மின்னோட்டம்கூட எடுப்பதில்லை. ஒரு மின்னலிலோ சுமார் 30,000 ஆம்பியர் பாயும். அது பாயும் பாதையில் வெப்பநிலை ஏறக்குறைய 30,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு!

பல ரிப்பீட்டர் ஆன்டெனாக்கள் நீண்ட ஃபைபர் கிளாஸ் குழாய்கள். உள்ளே செம்புக் கம்பிகள் இருக்கும். வெயிலிலும் காற்றிலும் கிடந்து குழாயில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் கசியும். மின்னல் பாய்ந்ததும் அந்த நீர் நொடிக்குள் ஆவியாகும். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் தேவை. குழாய்க்குள் ஏது இடம்? படீரென வெடித்து, நுனி விளக்குமாறுபோல் நார் நாராகப் பிரிந்துவிடும். சில சமயம் வெளியே கீறல்கூடத் தெரியாது. உள்ளே பற்றவைத்த இணைப்பு உருகியிருக்கும். ஆன்டெனாவுக்குப் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டரில் அளந்துதான் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

மின்னலைத் தடுக்க முடியாது. ஆனால் அது தரைக்குப் போக நல்ல வழி போட்டுக் கொடுக்கலாம். ஆன்டெனா நிற்கும் கோபுரத்திலிருந்து அகலமான செம்புப் பட்டையை மண்ணுக்குள் இறக்கி எர்த் செய்வார்கள். பட்டை வளையாமல் நேராக இறங்க வேண்டும். மின்னலின் மின்னோட்டம் மைக்ரோ நொடிகளில் ஏறிவிடுவதால், கூர்மையான வளைவு வந்தால் பாதையை விட்டுப் பக்கத்துப் பொருள்மீது தாவிவிடும். மலைப்பாறையில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆகவே அங்கே ஒரு கம்பி போதாது. பல கம்பிகளைப் பல திசைகளில் மண்ணில் பரப்பிப் புதைப்பார்கள்.

ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிள், ரிப்பீட்டர் இருக்கும் அறைக்குள் நுழையும் இடத்தில், வாயு நிரப்பிய சிறு குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும். மின்னழுத்தம் எகிறினால் உள்ளிருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, அதை எர்த்துக்குத் திருப்பிவிடும். பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல்கூடக் கேபிளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதால் இந்தக் காவல் கட்டாயம் தேவை.

இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதி ஹாம் உரிமம் பெறலாம். நீங்களும் முயன்று பாருங்கள். ஆனால் இடிச்சத்தம் கேட்டதும் மொட்டைமாடிக்கோ ஆன்டெனா பக்கமோ போகாதீர்கள்; உடனே வீட்டுக்குள் வந்துவிடுங்கள்!