காய்ச்சினாலும் போகாதது

2000ஆம் ஆண்டு ஜூன் கடைசியில், ஜப்பானின் ஒசாகா பகுதியில் பால் குடித்தவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 13,000 பேருக்கு மேல். ஸ்னோ பிராண்ட் என்ற பெரிய நிறுவனத்தின் பால் அது. சூடேற்றிக் கிருமி நீக்கிய பால்தான். தடம் பிடித்துப் போனபோது, அதில் சேர்த்த பால்பவுடர் ஹொக்கைடோ தீவின் தைக்கி ஆலையில் தயாரானது என்று தெரிந்தது. அங்கே மார்ச் கடைசியில் சுமார் மூன்று மணி நேரம் மின்சாரம் போயிருந்தது. குளிராமல் நின்ற பாலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பெருகி நஞ்சைச் சுரந்துவிட்டது. பிறகு ஏற்றிய சூட்டில் கிருமி செத்தது. நஞ்சு அப்படியே இருந்தது.

பொங்கக் காய்ச்சிவிட்டால் போதும் என்று நாம் நம்புகிறோம். காசநோய், டைபாய்டு கிருமிகளுக்கு அது சரி. ஆலையில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்தாலே அவை மடிந்துவிடும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் இறங்கும் அஃப்ளடாக்சின் நஞ்சோ எந்தக் கொதிப்புக்கும் மசியாது. அதனால்தான் பாலின் கதி பெரும்பாலும் தொழுவத்திலேயே முடிவாகிவிடுகிறது என்கிறேன்.

நோயில்லாத மடிக்குள் கிருமிகள் மிகமிகக் குறைவு. காம்பில் ஒட்டிய சாணம், கறப்பவர் கை, சரியாகத் தேய்க்காத கேனின் விளிம்பு என்று வெளியே வந்த பிறகுதான் அவை சேர்கின்றன. கறந்த பாலின் சூடு ஏறக்குறைய 38 டிகிரி. அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால், ஐந்து மணி நேரத்தில் ஒரு கிருமி ஆயிரத்தைத் தாண்டும்.

ஆனால் பால் உடனே தோற்றுப்போவதில்லை. லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதி அதற்குள்ளேயே காவல் இருந்து, கிருமிகளின் வளர்ச்சியைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்துகிறது. கன்றுக்காக இயற்கை வைத்த அந்தக் காவலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். வெயில் காலத்தில் அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. அதற்குள் பால் சொசைட்டியின் குளிரூட்டும் தொட்டிக்குப் போய் 4 டிகிரிக்கு இறங்கிவிட வேண்டும்.

கறவையில் செய்ய வேண்டியவை எளியவை. காம்பைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். முதல் பீச்சுகளைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். திரிதிரியாக வந்தால் மடிநோய், அந்தப் பாலைச் சேர்க்கக் கூடாது. கறந்ததும் மாட்டுக்குத் தீவனம் வைப்பதிலும் காரணம் உண்டு. காம்பின் துளை மூட அரை மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை மாடு சாணத்தில் படுக்காமல் நின்று தின்ன வேண்டும்.

இந்தக் கவனத்தை அளக்கவும் வழி இருக்கிறது. பாலில் சிறிது மெத்திலீன் நீலம் கலந்து வெதுவெதுப்பில் வைத்தால், கிருமிகள் ஆக்சிஜனைத் தீர்க்கத் தீர்க்க நீலம் வெளுக்கும். அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால். ஐந்து மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால். நம் ஊர்களில் விலையைத் தீர்மானிப்பது கொழுப்பும் கொழுப்பில்லாத திடப்பொருளும்தான். விடியற்காலையில் மடி கழுவி, கேனை வெந்நீர் ஊற்றித் தேய்ப்பவரின் உழைப்புக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நீலம் நெடுநேரம் நிற்கும் பாலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.