வாசகரின் நம்பிக்கை ஓர் அமானிதம்



எழுதவும் படிக்கவும் கற்றிராத நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிரா குகையிலே அருளப்பெற்ற முதல் கட்டளை, ஓதும்படி பணித்த கட்டளையே ஆகும். எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்றுக் கொடுத்தவன் இறைவனே என்னும் செய்தியும் அந்த முதல் வசனங்களிலேயே அமைந்துள்ளது. எழுதுகோலின் பெயரையே தாங்கிய 'அல்கலம்' என்னும் அத்தியாயமும் திருக்குர்ஆனில் உண்டு. ஓதுதலுக்கும் எழுதுதலுக்கும் இத்துணை உயர்வு அளித்த மார்க்கத்தைச் சார்ந்த நாம், பிறர் படிப்பதற்காக எழுதும் பொறுப்பை எத்தகையதாகக் கருத வேண்டும்? அதைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரட்டை ஊர்கள் போன்றவை இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ஆலைகளுக்கும் பால்கோவாவுக்கும் பெயர் பெற்ற இவ்வூர்களுக்குப் படிப்பாளிகளைப் பேணிய பெருமையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள பென்னிங்டன் நூலகம் 1875ஆம் ஆண்டு தோன்றியது. அந்நாளில் இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்ட ஆட்சியரின் பெயரே நூலகத்திற்கு வழங்குகிறது. இராஜபாளையத்திலோ, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்கள், தம் சொந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்காக ஈந்தார்.

ஆட்சிகள் மாறின, மாவட்டங்களின் எல்லைகளும் பெயர்களும் மாறின, ஆயினும் 150 ஆண்டுகளாக அந்த நூலகத்தின் பெயர் நிலைத்து நிற்கிறது. பலகையில் பெயர் எழுதி வைத்ததனால் மட்டுமா அது நிலைத்தது? அன்று. திறக்க வேண்டிய வேளையில் கதவு திறந்திருந்தால்தான் படிப்பவன் மறுநாளும் வருவான். வந்து வந்து ஏமாந்தவன் மூன்றாம் நாள் அத்தெருப் பக்கமே திரும்பமாட்டான். நூலகத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை, இதழ் நடத்துவோர்க்கு இன்னும் நூறு மடங்கு பொருந்தும்.

நம் ஊர்களில் இளைஞர்கள் ஒன்றுகூடி இதழ் தொடங்குவது புதுமையன்று. முதல் இதழ் வண்ண அட்டையுடன் வரும். இரண்டாம் இதழ் இரு வாரம் பிந்தி வரும். மூன்றாம் இதழ் வருமா வராதா என்பதே யாருக்கும் தெரியாது. வாசகர்கள் ஆதரவு தரவில்லை என்று நடத்தியவர்கள் குறை கூறுவர். ஆனால், கைவிட்டவர் யார்? வாசகரா, அல்லது வாக்களித்த நாளில் வாராத இதழா? நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டிய வினா இது.

குறித்த நாள் தவறாமை

அளவில் சிறிதாயினும் இடைவிடாது தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதனை அறிவித்துள்ளார்கள். வணக்கத்தைப் பற்றிய இப்போதனை, இதழ்ப் பணிக்கும் விளக்காக அமைகிறது. நாற்பது பக்கங்களில் ஆண்டுக்கு மூன்று முறை நினைத்த நேரத்தில் வரும் ஏட்டைவிட, நான்கே பக்கங்களாயினும் மாதத்தின் முதல் வெள்ளியன்று தவறாது வீட்டு வாசலில் வந்து விழும் ஏடே வாசகரின் உள்ளத்தில் இடம்பிடிக்கும்.

தொடர்ச்சி வேண்டும் என்பதற்காக ஓயாது எழுதிக் குவிக்கவும் வேண்டுவதில்லை. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமை தோறும் மக்களுக்கு அறவுரை வழங்கி வந்தார்கள். நாள்தோறும் வழங்கலாகாதா என்று ஒருவர் ஆவலுடன் வேண்டினார். அதற்கு அவர்கள் இசையவில்லை. கேட்போர்க்குச் சலிப்பு ஏற்படுவதை விரும்பவில்லை என்றும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தங்களுக்குச் சலிப்பு நேராவண்ணம் தக்க இடைவெளி விட்டே உபதேசித்தார்கள் என்றும் எடுத்துரைத்தார்கள். புகாரி கிரந்தத்தில் கல்வியைப் பற்றிய பகுதியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அறிவு நிறைந்த நாவும், கேட்க விழையும் செவியும் ஒருங்கே இருந்தும் அளவு காத்த அந்தப் பாங்கைக் கவனியுங்கள். கேட்போர் 'இன்னும் சற்றுச் சொல்லக்கூடாதா' என ஏங்கும் இடத்தில் நிறுத்தத் தெரிந்தவரே, அடுத்த வியாழனன்றும் அவர்களை வரவழைக்க வல்லவர்!

முன்னோர் காட்டிய வழி

தமிழ் முஸ்லிம்களின் இதழியல் வரலாறு நெடியது. இலங்கையின் கண்டி நகரத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை அவர்கள் 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் இதழைத் தொடங்கினார்கள். அன்றைய முஸ்லிம்கள் கல்வியில் பின்தங்கியிருந்தனர். சமூகத்தின் அந்த நோயைக் கண்டறிந்து, அதற்குரிய மருந்தை இடையறாது எடுத்தோதிய இதழாக அது விளங்கியது. எழுத்தோடு அவர் நிற்கவில்லை. பள்ளிகள் காண உழைத்தார். பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி எனப் புகழ்பெற்ற கொழும்புப் பாடசாலை 1892இல் உருவானதிலும் அவர் பங்கு பெரிது. சொன்னதைச் செய்தும் காட்டிய ஒருவரின் ஏட்டை மக்கள் நம்பியதில் வியப்பென்ன?

கடல் கடந்த சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 1887இல் 'சிங்கை நேசன்' என்னும் வார இதழை நிறுவினார்கள். 1890 வரை அது வெளிவந்தது. வாழ்ந்த காலம் சிறிதே. எனினும், தமிழர் அயலகத்தில் வாழ்ந்த வாழ்வை அறிய விழையும் ஆய்வாளர்கள் இன்றும் அவ்விதழைப் புரட்டுகின்றனர். தன் ஊரை, தன் மக்களை உண்மையாகப் பதிவு செய்த ஏடு நின்றுபோன பின்னும் வாசகரை இழப்பதில்லை.

தமிழகத்தில் பா. தாவூத்ஷா அவர்கள் அரசுப் பதவியைத் துறந்து இதழ்ப் பணிக்கு வந்தவர். 1920களில் அவர் தொடங்கிய 'தாருல் இஸ்லாம்' முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அவருடைய கருத்துகள் சிலவற்றோடு மாறுபட்ட மார்க்க அறிஞர்கள் உண்டு. ஆயினும் அவருடைய தமிழைக் குறை கூறியவர் அரியர். அச்சான இதழில் பிழை கண்டு எழுதும் வாசகருக்கு அஞ்சல் தலைகளைப் பரிசளிப்பதாக அவர் அறிவித்திருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். இதன் நுட்பத்தைச் சிந்தித்துப் பாருங்கள். பரிசின் மதிப்பு அற்பமானது. ஆனால் பிழை தேடும் ஆவலில் வாசகர் ஒவ்வொரு வரியையும் ஊன்றிப் படிப்பார். ஆசிரியரோ பிழை விட அஞ்சுவார். குறை சொல்ல வருபவரையே தோழராக்கிக் கொண்ட பண்பு அது. முஸ்லிமல்லாத தமிழ் ஆர்வலர்களும் அவ்விதழை விரும்பிப் படித்தனர். நல்ல தமிழ் எல்லார்க்கும் பொதுச் சொத்தன்றோ!

கேட்டதையெல்லாம் எழுதலாமா?

வாசகரை ஈர்க்கக் குறுக்கு வழி ஒன்று உண்டு. பரபரப்பூட்டுவதே அது. அது ஒருநாள் கூட்டத்தைச் சேர்க்கும். ஓராண்டு வாசகரைச் சேர்க்காது. ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரித்துத் தெளியுமாறு 'ஹுஜுராத்' அத்தியாயம் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அங்குச் சொல்லப்படும் காரணம். காதில் விழுந்ததையெல்லாம் பிறர்க்குச் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதிய சான்று என்று நபிமொழியும் எச்சரிக்கிறது. கையிலுள்ள கைபேசியில் வருவனவற்றை நொடிப்பொழுதில் பலர்க்கும் அனுப்பிவிடும் இந்நாளில், இவ்வெச்சரிக்கை இதழாசிரியருக்கு மட்டுமன்றி, நம் வீடுகளில் உள்ள ஒவ்வொருவருக்கும் உரியது. தவறு நேர்ந்துவிட்டால் அடுத்த இதழிலேயே, தவறு வெளியான அதே பக்கத்தில், திருத்தத்தை வெளியிடுதல் கடமையாகும்.

சுண்டக் காய்ச்சுதல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மூலப்பொருள்கள் பாலும் சர்க்கரையுமே. அகன்ற சட்டியில் பாலை ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறிக் கிளறி, நீர் வற்றச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். சுவையின் இரகசியம் அந்தப் பொறுமையே. எழுத்தும் அத்தகையதே. முதலில் எழுதுவதெல்லாம் பால். வேண்டாத சொற்கள் வற்றிய பின் எஞ்சுவதே வாசகருக்குப் பரிமாறத் தக்கது. தொழுகையை நீட்டிக் குத்பாவைச் சுருக்குவது ஒருவருடைய அறிவின் அடையாளம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் மேசைமீது எழுதி வைத்துக் கொள்ளலாம்.

சரி, எதை எழுதுவது? சென்னையின் பேரிதழ்கள் எழுதுவனவற்றையே மீண்டும் எழுத ஓர் ஊர் இதழ் எதற்கு? இராஜபாளையத்து ஆலைத் தொழிலாளியின் நாள், சத்திரப்பட்டிப் பகுதியில் நெய்யப்படும் மருத்துவத் துணி, பால் கறந்து ஊற்றுவோரின் வரவு செலவு, 2021இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய சிற்றூர்களின் வாழ்க்கை, மேற்படிப்புக்கு வழி தெரியாது திகைக்கும் மாணவிக்குத் தேவையான விவரம் – இவையெல்லாம் உள்ளூரார் அறிந்த அளவுக்கு வேறெவர் அறிவார்? தன் தெருவைத் தன் ஏட்டில் காணும் வாசகர் அந்த ஏட்டை எளிதில் விடமாட்டார்.

சந்தாப் பணமும் வாக்குறுதியே

இறுதியாக, பலரும் எண்ணிப் பாராத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓராண்டுச் சந்தாவைப் பெற்றுக்கொண்டு மூன்று இதழ்களோடு நின்றுவிடுவதை வெறும் தோல்வி என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா? கொடுத்தவர் ஒரு கைம்பெண்ணாக இருக்கலாம்; பிள்ளைகளின் அறிவு வளரட்டும் என்று தையற் கூலியிலிருந்து எடுத்துத் தந்ததாக இருக்கலாம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு இறைமறை ஏவுகிறது. உடன்படிக்கையைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்றும் எச்சரிக்கிறது. சந்தாச் சீட்டும் ஓர் உடன்படிக்கையே. அந்தத் தொகை வழங்கப்படாத ஒன்பது இதழ்களுக்கான கடனாக நடத்துவோரின் கழுத்தில் தொங்குகிறது.

ஆகவே இளைஞர்களே! இதழ் தொடங்குமுன் மூன்று இதழ்களுக்குரிய கட்டுரைகளைக் கையில் ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கூலியையும் தாள்விலையையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். நிலைத்து நடக்கும் என்ற உறுதி பிறக்கும்வரை ஆண்டுச் சந்தா பெறாதீர்கள். தனி இதழாக விற்றுப் பாருங்கள். நடத்த இயலாது போனால், எஞ்சிய தொகையைத் திருப்பித் தந்துவிட்டு நன்றியுடன் விடைபெறுங்கள். அவ்வாறு விடைபெற்றவர் மீண்டும் ஓர் இதழ் தொடங்கினால், முதல் சந்தாவை அந்தப் பழைய வாசகரே தருவார். வரும் மடல்களுக்கு மறுமொழி எழுதுங்கள். புகழ்ந்து வரும் மடலைவிடக் குறை கூறி வரும் மடலுக்கு முதலில் எழுதுங்கள்.

இல்லத்தோரே! உங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரே பிரதியை இருபது வீடுகள் இரவல் வாங்கிப் படித்தால் எந்த ஏடும் பிழைக்காது. ஒரு வேளைத் தேநீர்ச் செலவைத் தவிர்த்து, நல்லதோர் இதழை விலை கொடுத்து வாங்குங்கள். பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை கண்டால் எழுதித் தெரிவியுங்கள். நிறை கண்டாலும் ஒரு வரி எழுதுங்கள். எழுதுவோரின் நேர்மையும் படிப்போரின் ஆதரவும் இணைந்தால், நம் ஊர்களில் தொடங்கும் ஏடுகள் மூன்றாம் இதழைக் கடந்து முப்பதாண்டு காணும்.

எழுதுகோலைக் கொண்டு கற்பித்த வல்ல இறைவன், எழுதுவோர்க்கு வாய்மையையும் பொறுமையையும், படிப்போர்க்குப் பயன்தரும் கல்வியையும் அருள்வானாக! ஆமீன்.