மலையகத்தின் பழைய படங்கள் – 14: யூதச் சந்திலிருந்து புசல்லாவைக்கு

ரொத்சைல்ட் என்ற பெயர் லண்டனிலும் பாரிஸிலும் வங்கிக்காரர்களுக்குத் தெரியும். புசல்லாவையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் தெரியும். அவர்கள் காலையில் பிரட்டுக்குப் போகும் தோட்டத்தின் பெயரே அதுதான். பெரும் பணக்கார யூதக் குடும்பம் ஒன்றின் பெயர் கம்பளைக்கும் ரம்பொடைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? யூத வாழ்க்கையைக் காட்டும் பழைய புகைப்படங்களையும் தபாலட்டைகளையும் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மலையகத்துக்கு வந்தால் நாம் முதலில் கைகாட்ட வேண்டிய இடம் இந்தத் தோட்டம்தான்.

1841 இல் மொரிஸ் டி வேர்ம்ஸ் என்பவர் சீனாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து புசல்லாவையில் நட்டார். சகோதரர் கேப்ரியலும் சேர்ந்துகொண்டார். கொழும்பில் வர்த்தக நிறுவனம், மலையில் காடு வெட்டித் தோட்டம் என்று இருவரும் கால் ஊன்றினார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் படித்த ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867 இல். வேர்ம்ஸ் சகோதரர்கள் அவருக்குக் கால் நூற்றாண்டு முந்தியவர்கள். ஆனாலும் டெய்லரின் பெயர்தான் நின்றது, அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. புசல்லாவையில் தேயிலை முளைத்தது, செழித்தது, பூத்தும் குலுங்கியது. தயாரிக்கிற செலவுதான் கட்டுப்படியாகவில்லை. சகோதரர்கள் அதை விட்டுவிட்டுக் கோப்பியில் பணம் பார்த்தார்கள். 1865 இல் தோட்டங்களை 157,000 பவுணுக்குச் சிலோன் கம்பனியிடம் விற்றுவிட்டு லண்டன் போனார்கள். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் தெரிந்தது. நாலே வருடம் முந்திக் கழன்றுகொண்டார்கள். வியாபாரத்தில் மூக்கு உள்ளவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கோப்பிக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த சனம் மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்தது. நடந்து முடிக்க முடியாதவர்கள் வழியிலேயே கிடந்தார்கள்.

இனி வேர்ம்ஸ் சகோதரர்களின் தாய்வழியைப் பார்ப்போம். தாய் ஷோன்ஷே ஜேனெட், ரொத்சைல்ட் வங்கியைத் தொடங்கிய மேயர் அம்ஷெலின் மூத்த மகள். 1771 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்து யூதச் சந்தில் பிறந்தவர். நகரத்து யூதர்கள் அத்தனை பேரும் அந்த ஒரே சந்துக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1462 இல் தொடங்கியது. பொழுது சாய்ந்தால் வாசற்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு, கிறிஸ்தவத் திருநாளிலும் பூட்டு. சந்தின் அகலம் பல இடங்களில் இரண்டு வண்டிகள் விலக முடியாத அளவு.

பாட்டி குட்லெயின் கதை இன்னும் விசேஷம். மகன்மார் ஐந்து பேரும் பிராங்பேர்ட், லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று ஐந்து நகரங்களில் கொடி நாட்டிய பிறகும் கிழவி அந்தச் சந்து வீட்டை விட்டு அசையவில்லை. 1849 இல், தொண்ணூற்றைந்து வயது கடந்து, அங்கேயே கண்ணை மூடினார். பேரன்மார் புசல்லாவையில் காடு வெட்டிக் கோப்பி போட்டுக்கொண்டிருந்த முதல் எட்டு வருடமும் பாட்டி பழைய யூதச் சந்திலேயே இருந்திருக்கிறார்.

பூட்டிய சந்தில் பிறந்த தாயின் பிள்ளைகள் இங்கே துரைமாரானார்கள். அவர்களிடம் வேலை செய்தவர்களை யாரும் இரவில் பூட்டி வைக்கவில்லை. கங்காணியிடம் பட்ட கடனே போதுமாக இருந்தது.

இவர்கள் காலத்திலேயே கமெரா இலங்கைக்கு வந்துவிட்டது. பிரெடெரிக் ஃபீபிக் 1852 இல் இங்கே எடுத்துக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் படத் தபாலட்டை புழக்கத்துக்கு வந்தது 1890களில். சகோதரர்கள் இருவரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மொரிஸ் இறந்தது 1867 இல், கேப்ரியல் 1881 இல். ஆகவே கொழும்புப் புகைப்பட நிறுவனமான பிளேட் கம்பனியின் கொழுந்துத் தோட்ட அட்டைகளில் யூதத் துரை ஒருவர் தொப்பியோடு நிற்பார் என்று தேடுவது வீண் வேலை.

கிடைக்கக்கூடிய அட்டை ஒன்று இருக்கிறது. அது பிராங்பேர்ட் அட்டை. யூதச் சந்தின் பழைய வீடுகளை 1870, 80களில் இடித்துத் தள்ளியபோது, குட்லெ பாட்டி இருந்த வீட்டைக் குடும்பம் நினைவுச்சின்னமாகக் காப்பாற்றி வைத்தது. ஒடுங்கிய, உயரமான வீடு. 1900 வாக்கில் பிராங்பேர்ட்டுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் அந்த வீட்டின் படம் போட்ட அட்டையை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். நிறைய அச்சானதால் இன்றும் சேகரிப்பாளர் கையில் அடிக்கடி அகப்படும். 1944 குண்டுவீச்சில் வீடு அழிந்தது. புசல்லாவைத் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த குடும்பத்தின் வாசற்படியைப் பார்க்க இன்று அந்த அட்டைகளும் புகைப்படங்களும்தான் வழி.

அதே நகரம், ஏறத்தாழ அதே வருடங்கள், இன்னோர் அட்டை. பிராங்பேர்ட் ரயில் நிலையத்துக்கு அருகே கோல்னர் ஹோஃப் என்ற விடுதி, ‘யூதர் இல்லாத விடுதி’ என்று பெருமையாக அச்சிட்டு அட்டைகளைத் தன் விருந்தினர்களுக்குக் கொடுத்தது. விருந்தினர்கள் அதில் நலம் விசாரித்து எழுதி, முத்திரை ஒட்டி அனுப்பினார்கள். ஹிட்லர் பதவிக்கு வர இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. யூதர்களைப் பற்றிய பழைய அட்டைகளைச் சேர்க்க ஆரம்பிக்கும் எவருக்கும் சீக்கிரமே பிடிபடும் சங்கதி இது. வளைந்த மூக்கும் பணப்பையுமாகக் கேலி வரைந்த அட்டைகள் குவியல் குவியலாக வரும். பெல்ஜியத்து யூதரான ஆர்தர் லாங்கர்மன், 1961 இல் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை நடந்த காலத்தில் தொடங்கி, அந்தக் கேலிப் படங்களையே தேடித் தேடிச் சேர்த்தார். சொந்தச் சனத்தை அவமதித்த காகிதத்தைக் காசு கொடுத்து வாங்க நெஞ்சழுத்தம் வேண்டும். அவருடைய ஆயிரக்கணக்கான படங்கள் இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், ஆராய்ச்சியாளர் பார்க்கும்படி இருக்கின்றன.

யூதர் என்றதும் இன்று காசா கண்முன் வரும். வரட்டும், வரவேண்டியதுதான். ஆனால் யூத வாழ்க்கையைக் காட்டும் பழைய அட்டைகளில் இருப்பவர்கள் இன்றைய எந்த அரசின் அமைச்சர்களும் அல்லர். தையற்காரர்கள், பால்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள்.

அந்தச் சாதாரண சனத்தைக் காட்டும் அட்டைகளிலும் எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யூதப் புத்தாண்டுக்கு வாழ்த்தட்டை அனுப்பும் வழக்கம் 1900க்குப் பிறகு வார்சாவிலும் நியூயோர்க்கிலும் பெரிய வியாபாரமாகியது. தாத்தா பேரனை ஆசீர்வதிக்கிறார், தாய் வெள்ளி மாலை மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். பல படங்கள் ஸ்டூடியோவில் ஆள் வைத்து, திரை கட்டி எடுத்தவை. கப்பலேறி அமெரிக்கா போன பிள்ளைகளுக்கு விட்டுவந்த ஊர் எப்படி நினைவில் இருக்க வேண்டுமோ, அப்படியே அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

நம்முடைய கொழுந்துக்காரி அட்டையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழையில் நனையாத சேலை, கழுத்து நிறைய நகை, காலில் அட்டைக்கடி இல்லை, கமெராவுக்காக நிறுத்திய கை. கீழே ‘தமிழ்க் கொழுந்துக்காரி, இலங்கை’ என்ற பாணியில் ஒரு வரி. ஒரு வித்தியாசம் உண்டு. புத்தாண்டு அட்டையை அச்சிட்டதும் யூதர், வாங்கியதும் யூதர். கொழுந்துக்காரியின் அட்டையைக் கப்பல் பயணிகளும் துரைமார் வீட்டு அம்மாமாரும் வாங்கினார்கள். படத்தில் இருப்பவளுக்கு அதைப் பார்க்கக்கூட வாய்த்திருக்காது.

இனம் பிரித்துப் படம் பிடிக்கும் இந்தப் பழக்கத்துக்கு நம் கரைக்கு எதிரே ஒரு பெரிய பட்டறையே நடந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909 இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய நூலை வெளியிட்டார். மலையகத்துக்கு வந்தவர்களின் சாதிகள் பலவும் அதில் வருகின்றன. கொச்சி யூதர்களும் ‘வெள்ளை’, ‘கறுப்பு’ என்று பிரிக்கப்பட்டு அதே நூலில் வருகிறார்கள். 1568 இல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடத்து யூதரும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கள்ளரும் ஒரே வரிசையில் மாதிரிகளாக நின்றார்கள். கொச்சி யூதரில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். யூதத் தெருவில் இன்று மிஞ்சியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

படத்தின் கீழே இருக்கும் வரியை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். ரோமன் விஷ்னியாக் 1935க்கும் 1938க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவின் ஏழை யூதர்களைப் படமெடுத்தவர். அமெரிக்க யூத நிவாரண அமைப்பு ஒன்று நிதி திரட்டுவதற்காக அவரை அனுப்பியது. அந்தப் படங்கள் 1983 இல் புத்தகமாக வந்தபோது உலகமே கண் கலங்கியது. பின்னால் மாயா பென்டன் என்ற ஆய்வாளர் நெகட்டிவ்களைப் புரட்டிப் பார்த்ததில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதை சொன்ன சில படங்களுக்குள் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. முகங்கள் உண்மை, படத்துக்குச் சொன்ன கதை கற்பனை. விஷ்னியாக்கின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நிதி திரட்டப் போனவர், ஏழ்மையைத்தான் எடுப்பார். ஆனால் அதையே முழு வாழ்க்கை என்று சேர்த்து வைத்தால், சினிமாவுக்குப் போனவர்கள், பந்து விளையாடியவர்கள் எல்லாரும் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

அப்படி வெளியே நின்றவர்களைக் காட்டும் படங்கள் ஓர் இடத்தில் இருக்கின்றன. அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் பெட்டியில் எடுத்துவந்த குடும்பப் படங்களில் சுமார் 2,400 தப்பியிருக்கின்றன. பெரும்பாலும் போலந்தின் பெண்ட்ஜின் பக்கத்துக் குடும்பங்கள். 1986 இல் அங்கே போன அமெரிக்கரான ஆன் வைஸ் அவற்றைக் கண்டு, பிரதி எடுத்து, உயிர் பிழைத்தவர்களிடம் கொண்டுபோய்க் காட்டி, இது யார், அது யார் என்று கேட்டுக் கேட்டுப் பெயர் எழுதினார். கடற்கரையில் குளிக்கிறார்கள், பனியில் சறுக்குகிறார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பரிதாபமாக நிற்பவர் எவரும் இல்லை. சேகரிப்பு என்றால் எனக்கு இதுதான் சேகரிப்பு. மற்றதெல்லாம் அட்டை வாங்கி அல்பத்தில் செருகுவது.

நம்மிடமும் அப்படியான படங்கள் உண்டு, லயத்துத் தகரப் பெட்டிகளில். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓர் அம்மாயி காட்டிய படத்தில் ஏழு பேர் விறைத்து நின்றார்கள்.

“இவுங்கள்ளாம் யாரு அம்மாயி?”

“எங்க சின்னாத்தா குடும்பம் சாமி. பாஸ்போட்டுக்கு எடுத்தது. ஒன்னு கவுருமெண்டுக்கு, ஒன்னு எனக்குன்னு குடுத்துட்டுப் போயிருச்சு.”

1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எத்தனையோ குடும்பங்கள் மொத்தமாகக் கமெராவின் முன் நின்றது அந்தப் பாஸ்போட்டுக்காகத்தான். ஹட்டனிலிருந்து ரயில், தலைமன்னாரிலிருந்து கப்பல், அப்புறம் மண்டபம், கூடலூர், கோத்தகிரி. ஒரே படத்தின் ஒரு பிரதி நீலகிரியில், இன்னொன்று டிக்கோயாவில். 1977, 1981, 1983 வன்செயல்களில் எரிந்த வீடுகளோடு போன படங்களுக்குக் கணக்கே இல்லை. மிஞ்சியதை மலை ஈரமும் பூஞ்சணமும் தின்கின்றன.

புசல்லாவைக்குப் போகிறவர்கள் வழியில் கம்பளைக்கு அருகே ராவணாகொடையில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இறங்குங்கள். பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, 2007 முதல் நடத்துகிறார்கள். தொழிலாளரின் சாமான்களும் படங்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. உங்கள் வீட்டுப் படத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் பிரதியாவது கொடுக்கலாம்.

அதற்கு முன் சில காரியங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கப் போகாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். படத்தின் முதுகையும் எடுங்கள், ஸ்டூடியோவின் முத்திரை அங்கேதான் இருக்கும். பெயர்களை மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பேனை மை ஊறி முகத்துக்கு வரும். தபாலட்டை என்றால் முதுகில் விலாசத்துக்கு மட்டும் இடம் இருக்கிறதா, நடுவே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்தானியா அந்தக் கோட்டை அனுமதித்தது 1902 இல். மற்ற நாடுகள் சில வருடங்களில் பின்தொடர்ந்தன. கோடு இல்லாதது பெரும்பாலும் அதற்கு முந்தியது. ‘ஜேர்மனியில் அச்சிட்டது’ என்றிருந்தால் 1914 யுத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் கொழுந்துக்காரி அட்டைகளில் பலவற்றை அச்சடித்ததும் அங்கேதான்.

பெயர் எழுதாத படங்களில் உலகப் புகழ் பெற்றவை சில, 1879 இல் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்த ஜூலியா மார்கரெட் கமரூன் எடுத்தவை. யூதக் குடும்பத்தில் பிறந்த வயலின் வித்தகர் ஜோசப் யோவாக்கிமை அவர் 1868 இல் எடுத்தபோது படத்தோடு அவர் பெயரும் சேர்ந்தே வந்தது. இலங்கையில் கமரூனின் கமெராவுக்கு முன் நின்ற நம் சனத்துக்கு என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.