தலைமன்னார் இறங்குதுறை: வந்தவர்கள், அனுப்பப்பட்டவர்கள், தப்பிப் போனவர்கள்

தலைமன்னாரில் தண்டவாளம் கடலைப் பார்த்தபடி முடிந்துவிடுகிறது. கடைசி ஸ்டேஷனின் பெயரே 'தலைமன்னார் பியர்'. அதற்கு அப்பால் சிதைந்து நிற்கும் பழைய இறங்குதுறை, அதற்கும் அப்பால் கடல். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தள்ளி தனுஷ்கோடி.

நான் பன்வில பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். இருபத்து மூன்று வயது வரைக்கும் மன்னாரைப் பார்த்ததில்லை. கடந்த ஓகஸ்ட் விடுமுறையில், கூடப் படிக்கும் பேசாலைத் தோழியின் வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். இடையில் கிடைத்த ஒரு பகலை இந்தத் தீவில் சுற்றித் திரிந்து கழித்தேன். வீட்டிலிருந்து புறப்பட்டபோது அம்மாயி ஒரே ஒரு வேலைதான் சொல்லி அனுப்பினார்.

"அந்தக் கப்பல் மறுபடி ஓடுதான்னு கேட்டுட்டு வா."

அந்தக் கப்பல் 1984இல் நின்றுபோனது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டு வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க, இந்தத் துறையின் கதையைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

நடந்து வந்த பாதையில் ஒரு பஸ்

கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்த, தம்புள்ள, மிகிந்தலை, மதவாச்சி, பிறகு மேற்கே திரும்பி மன்னார். இடையில் பஸ் மாறி, ஏறத்தாழ ஆறு மணி நேரம். மடுத் திருவிழா முடிந்து சில நாட்களே ஆகியிருந்ததால் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கால் வலித்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் என் முன்னோர்கள் போன்றவர்கள் இதே திசையைத் தலைகீழாக, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு, நடந்து கடந்தார்கள். இன்றைய வீதிகள் பெரும்பாலும் அந்தப் பழைய வடக்குப் பாதையை ஒட்டியே செல்கின்றன.

1820களில் கம்பளைப் பக்கம் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. அடுத்த பத்தாண்டுகளில் காப்பி எங்கள் நக்கிள்ஸ் மலையடிவாரத்துக்கும் ஏறியது. காப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும்தான் அதிக ஆட்கள் வேண்டும். அதனால் பலர் வந்து, உழைத்து, திரும்பவும் நடந்து ஊர் போனார்கள். தண்ணீரில்லாத காடு, வாந்திபேதி, காய்ச்சல் என்று வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1840களில் வந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் இறந்ததாக அந்தக் காலத்துப் பத்திரிகையிலேயே எழுதப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் அந்த எண்ணிக்கையில் உடன்படுவதில்லை. ஆனால் பாதையோரம் பிணங்கள் கிடந்ததை எவரும் மறுக்கவில்லை.

1869இல் காப்பி இலைகளைத் துரு நோய் பிடித்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக ஆட்களை இறக்கி லயன்களில் குடியேற்றினார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகி, அந்தக் கடன் ஆட்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. தனுஷ்கோடியிலிருந்து நீராவிக் கப்பல், இந்தத் துறையிலிருந்து ரயில். அதன் பிறகு அந்தக் காட்டுப் பாதையை நடந்து கடக்கத் தேவையிருக்கவில்லை. அம்மாயியின் அப்பா சிறுவனாக வந்தது அப்படித்தான். அவர்களை முதலில் இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தகரச்சீட்டு என்று ஒன்றும் இருந்தது. சிறு தகரத் துண்டில் தோட்டத்தைக் குறிக்கும் எண்கள் பொறித்திருக்கும். இந்த ஆளுக்கான செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அந்த எண்கள் சொல்லும். அதற்கு ஆளின் பெயர் தேவைப்படவில்லை.

2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்பதை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடந்தது. வழியெங்கும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பதினாறு நாட்களும் நான் ஃபேஸ்புக்கில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பயணத்துக்கான விதை அங்கேதான் விழுந்தது.

துறையில் ஒரு காலை

அன்று காலை முதலில் மன்னார் நகரம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டையைப் பார்த்தேன். பள்ளிமுனையில், அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பார்த்தேன். அதன் ஒரு மூலையைக்கூட என்னால் வளைக்க முடியவில்லை. வீதியில் கழுதைகள் யாருக்கும் வழி விடாமல் நின்றன. மலையில் வளர்ந்த எனக்கு இந்த ஊரின் தட்டை நிலம் கண்ணுக்குப் பழகவில்லை. எங்கே பார்த்தாலும் வானம்.

பிறகு தலைமன்னார் பஸ். சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. துறைக்குப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"கண்டிப் பக்கம் ஐயா. பன்வில. தோட்டம்."

"அப்ப நீங்கள் இந்தத் துறையால வந்த சனம்" என்றவர், ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "நாங்கள் இந்தக் கடலால போன சனம். தொண்ணூறில. மண்டபத்தில ஏழு வருசம் இருந்தனாங்கள்."

மண்டபம் என்ற சொல் என்னை அப்படியே உட்காரவைத்தது. அம்மாயியின் அப்பாவை நோய் பார்க்கத் தடுத்துவைத்த அதே மண்டபம்தான், யுத்த காலத்தில் ஈழத்து அகதிகளின் முகாமானது. இரண்டு சனத்தின் கதையிலும் ஒரே வேலிக்குள் ஒரு பக்கம் இருக்கிறது. இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. அவருக்கும்தான்.

ஒப்பாரி கோச்சி

ஐயாவிடம் அம்மாயியின் அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

அம்மாயி பிறந்தது 1948இல். அதே ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். எந்த இரண்டு தலைநகரங்களில் இது பேசப்பட்டதோ, அந்த இரண்டிலும் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை.

அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடியது. பிந்திய காலத்தில் ஓடிய கப்பலின் பெயர் 'இராமானுஜம்'. இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ரயிலேறி இந்தத் துறைக்கு வந்து அதில் ஏறினார்கள்.

பெரியம்மாயியின் கணவர் வீட்டார் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அம்மாயி திருமணம் செய்த வீட்டில் இலங்கைக்கு எழுதியிருந்தார்கள். ஒரே லயனில் பிறந்த அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டவரானது இப்படித்தான். கண்டி ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது இரண்டு பக்கமும் எழுந்த சத்தத்தை அம்மாயி இன்னும் சொல்வார். அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'ஒப்பாரி கோச்சி'. பெரியம்மாயி குடும்பம் கடைசியில் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு உருவாக்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது. அங்கேயும் கொழுந்துதான். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'.

தப்பிப் போனவர்கள்

1983க்குப் பிறகு கடல் வேறு விதமாகப் பயன்பட்டது. பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் இரவுகளில் மீன்பிடி வள்ளங்கள் புறப்பட்டன. சில வள்ளக்காரர்கள் இந்தியக் கரைவரை போக அஞ்சி, நடுக்கடல் மணல்திட்டுகளில் சனத்தை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். ஐயாவின் குடும்பம் ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியொரு திட்டில் இருந்தது. அதே 1990இன் ஒக்டோபரில், இந்தத் தீவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களிலும் பலர் கடல்வழியாகத்தான் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். அந்த ஆண்டோடு மன்னார் ரயிலும் நின்றது. 2015 மார்ச் 14ஆம் திகதிதான் மறுபடி இந்த ஸ்டேஷனுக்கு ரயில் வந்தது.

வன்னியிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1977, 1983 வன்செயல்களில் லயன்களை விட்டு ஓடிய எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும்தான் வந்தார்கள். கிளிநொச்சியின் பாரதிபுரத்தையும் மலையாளபுரத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2009இல் உங்களோடு ஓடியவர்களில், புதைக்கப்பட்டவர்களில், முகாமில் வரிசையில் நின்றவர்களில் அவர்களும் இருந்தார்கள். பலருக்குச் சொந்தக் காணி உறுதி இல்லாததால், திரும்பி வந்த பிறகும் 'இது உன்னுடைய நிலமா' என்ற கேள்வியே காத்திருந்தது.

யுத்தம் எங்கள் ஆட்களுக்குச் செய்த விசித்திரமான ஒரு காரியமும் உண்டு. 1984இல் கப்பல் நின்றபோது, இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்குக் காத்திருந்த பல்லாயிரம் பேர் போக முடியாமல் தோட்டங்களிலேயே தங்கிவிட்டார்கள். சட்டப்படி இந்தியர், பெரட்டில் பெயர் கூப்பிடும்போது இங்கேதான். 2003இல் நிறைவேறிய சட்டம்தான் அவர்களுக்கும் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. கப்பல் இன்னும் சில வருடம் ஓடியிருந்தால் எங்கள் லயனில் பாதிப் பேர் இன்று நீலகிரியில் இருந்திருப்பார்கள்.

கேள்விக்குப் பதில்

புறப்படும்போது ஐயாவிடம் அம்மாயியின் கேள்வியைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"விடுறம் விடுறம் எண்டுதான் பிள்ளை சொல்லுறாங்கள். வந்தாப் பாப்பம்" என்றவர், கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "கொம்மாயிக்குப் பாஸ்போட் இருக்கோ?"

உண்மையான கேள்வி அதுதான் என்று அப்போது விளங்கியது. தலைமன்னாரில் கப்பல் இல்லை என்றாலும், 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறையிலிருந்து சில மணி நேரம். ஆனால் அதில் ஏறப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்து முதியவர்கள் பலருக்குப் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். எழுதியவர் எந்த மொழியில் காதால் கேட்டாரோ அந்த எழுத்து. அம்மாயிக்கும் அப்படித்தான். இதுவரை அவர் அதைத் திருத்த நினைத்ததில்லை. அந்தப் பெயரை வைத்து எங்கும் போகவேண்டி வந்ததில்லை.

வீடு திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். துறை உடைந்து கிடப்பதை, மண்டபத்தில் ஏழு வருடம் இருந்த ஐயாவை, வேறு ஊரிலிருந்து ஒரு கப்பல் போவதை. அம்மாயி கடைசிவரை கேட்டுவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே பெரியம்மாயியின் மூன்று கடிதங்கள், அடையாள அட்டை, மடிப்பில் கிழிந்த பிறப்புப் பத்திரம்.

"பேரை மாத்த என்ன செலவாகும்?" என்று கேட்டார்.

பெரியம்மாயிக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். கடைசிக் கடிதம் வந்து பல வருடமாகிறது. திங்கட்கிழமை அம்மாயியோடு பன்வில டவுனுக்குப் போகிறேன், பெயர் திருத்தும் படிவம் வாங்க.