சென்னை சிட்டி கால்பந்துக் கழகம்: எழுச்சியும் வீழ்ச்சியும்

சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழில்முறைக் கால்பந்து அணியாக இருந்தது. தொழிலதிபர் ரோகித் ரமேஷ் இதன் உரிமையாளராக இருந்தார். 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்த இக்கழகம், மூன்றாவது பருவமான 2018-19இல் பட்டம் வென்றது. ஐ-லீக் பட்டத்தை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி இதுவே. 2021-22 பருவத்தில் ஐ-லீக் அணிகளின் வரிசையில் இதன் பெயர் இல்லை. நுழைவு, உச்சம், மறைவு ஆகிய மூன்றும் ஐந்து பருவங்களுக்குள் அடங்கிவிட்டன. ஒரு தனி உரிமையாளரை நம்பி எழும் கழகங்கள் எப்படி வளர்கின்றன, ஏன் நிலைப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இதன் வரலாறு உதவுகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் கால்பந்து நெடுங்காலமாக வங்கிகள், இரயில்வே, காவல்துறை, துறைமுகம் போன்ற நிறுவனங்களின் அணிகளைச் சார்ந்தே வளர்ந்தது. வீரருக்கு வேலை கிடைக்கும். அலுவலகத்திற்கு ஓர் அணி கிடைக்கும். சென்னையின் இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக் வரை சென்று ஆடியது. ஆனால் பட்டம் வென்றதில்லை. நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது குறைந்தபோது இவ்வணிகளின் வலிமையும் குறைந்தது.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்சி உருவானது. அது 2015, 2017-18 பருவங்களில் பட்டம் வென்றது. ஆயினும் அந்த லீக் அப்போது அழைக்கப்பட்ட அணிகளுக்கான தனிப் போட்டியாகவே நடந்தது. ஆசியக் கழகப் போட்டிகளுக்கு வழி திறந்த முதன்மை லீக்காக ஐ-லீக் இருந்தது. அதில் தமிழ்நாட்டுக்கு இடம் இல்லை.

ஐ-லீக்கில் நுழைவு

சென்னை சிட்டி தன் வேரை 1946இல் தொடங்கிய நேதாஜி விளையாட்டுக் கழகத்தில் காண்கிறது. சென்னை லீக்கில் ஆடிவந்த இந்த அணி, 2016 இறுதியில் நேரடி நுழைவு முறையில் ஐ-லீக்கில் சேர்க்கப்பட்டது. கீழ்ப்பிரிவில் வென்று படிப்படியாக மேலேறுவது ஒரு வழி. பணமும் திட்டமும் காட்டி ஏலத்தின் வழியே இடம் பெறுவது மற்றொரு வழி. சென்னை சிட்டி வந்தது இரண்டாவது வழியில்.

முதல் பருவத்தில் சென்னை ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆடியது. பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த பருவத்தில் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்குக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில் என்ற நிலை அப்போது தொடங்கியது. அந்தப் பருவத்திலும் எட்டாவது இடமே கிடைத்தது.

ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் வேறொன்று நடந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னையைச் சேர்ந்த எட்வின் சிட்னி வன்ஸ்பால், நந்தகுமார் சேகர் போன்றோருக்கு நாடு முழுவதும் பார்க்கும் ஒரு மேடை கிடைத்தது. வெளிமாநில அணிகளுக்குப் போனால்தான் பெரிய லீக்கில் ஆடலாம் என்றிருந்த தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இது பெரிய மாற்றம்.

பட்டம் வென்ற பருவம்

2018-19 பருவத்திற்கு முன் அணி புதிதாகக் கட்டப்பட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளரானார். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிய வீரர்கள் கொண்டுவரப்பட்டனர். உருகுவேயில் பிறந்த முன்கள வீரர் பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், தற்காப்பில் ரொபர்டோ எஸ்லாவா ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். பெரும் விலை கொடுத்துப் புகழ்பெற்றவர்களை வாங்காமல், ஒரே ஆட்டமுறையில் பழகியவர்களைச் சேர்த்ததுதான் இதன் சிறப்பு. அவர்களைச் சுற்றி எட்வின், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ், ஸ்ரீராம் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் ஆடினர்.

2018 அக்டோபர் 26 அன்று கோவையில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என வென்றது. மான்சி மூன்று கோல் அடித்தார். பந்தைக் கீழே வைத்து, குறுகிய கடத்தல்களால் முன்னேறும் ஆட்டமுறை பருவம் முழுவதும் தொடர்ந்தது. மான்சி 21 கோல்களுடன், சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவுக்கு இணையாகக் கோல் பட்டியலில் முதலிடம் பெற்றார்.

பட்டம் கடைசி நாளில்தான் முடிவானது. 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. ஒரு புள்ளி மட்டுமே பின்தங்கியிருந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடியது. மினர்வா தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்னர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடிக்க, ஆட்டம் 3-1 என முடிந்தது. ஈஸ்ட் பெங்காலும் 2-1 என வென்றிருந்தது. 20 ஆட்டங்களின் முடிவில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்த மாலை ஒரு சமநிலையில் முடிந்திருந்தால் பட்டம் கொல்கத்தா போயிருக்கும்.

அடுத்து நடந்த சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்சியைக் காலிறுதியில் வீழ்த்திய அணி, அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் தோற்றது.

பாசெல் கழகத்தின் முதலீடு

அணிக்கு வெளிநாட்டு ஆர்வமும் வந்தது. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்சி பாசெல், சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க முன்வந்தது. இளம் வீரர்களுக்கான பயிற்சியும் இந்தியச் சந்தையில் கால் பதிப்பதும் இதன் நோக்கங்கள். ஆனால் பாசெல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். தங்கள் கழகத்தின் பணம் தொலைதூர நாட்டில் ஏன் செலவாக வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அத்திட்டத்தை முன்னெடுத்த பாசெல் தலைவர் பெர்ன்ஹார்ட் புர்கெனர் 2021இல் அக்கழகத்தை விட்டு விலகினார். உரிமையாளரை நம்பி வரும் முதலீடு, அந்த உரிமையாளர் மாறும்போது ஆட்டம் காண்பது இயல்பு.

சரிவு

சரிவுக்கான சூழல் பட்டம் வென்ற ஆண்டிலேயே உருவாகிவிட்டது. 2019இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்ற திட்டப்படி, 2019-20 முதல் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதன்மை லீக் ஆனது. ஐ-லீக் அதற்கு அடுத்த இடத்துக்குப் போனது. ஐ-லீக்கில் முதலிடம் பெற்றாலும் உடனே மேல் லீக்குக்கு ஏற வழி இல்லை. 2022-23 பருவத்தில்தான் அந்த வழி திறந்தது. பஞ்சாப் அணி அவ்வாறு முதலில் ஏறியது. சென்னை சிட்டி நான்கு ஆண்டுகள் முன்னதாக வென்றுவிட்டது.

இதன் விளைவுகள் வரிசையாக வந்தன. தமிழ்நாட்டு வீரர்கள் அதிக ஊதியமும் கவனமும் கிடைக்கும் சூப்பர் லீக் அணிகளுக்குச் சென்றனர். எட்வின் சென்னையின் எஃப்சியிலும், பின்னர் ரொமாரியோ கோவாவிலும், அஜித்குமார் பெங்களூருவிலும் சேர்ந்தனர். மான்சி 2020இல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா அணிக்குப் போனார்.

ஆசியப் போட்டிகளும் நீடிக்கவில்லை. 2020 சனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பகரைனின் ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்றது. அந்த ஆட்டம் நடந்தது கோவையில் அல்ல, அகமதாபாத்தில். அடுத்து ஆசியக் கோப்பைக் கழகப் போட்டியில் மாலத்தீவின் மாசியா அணியுடன் 2020 மார்ச்சில் 2-2 எனச் சமன் செய்தது. சில நாட்களில் கொரோனா பரவலால் எல்லாம் நின்றது. அந்தப் போட்டித் தொடரே பின்னர் கைவிடப்பட்டது.

2020-21 ஐ-லீக் முழுவதும் கொல்கத்தா பகுதியில் கட்டுப்பாட்டு வளையத்திற்குள் நடந்தது. உள்ளூர் ரசிகர் இல்லை, நுழைவுச்சீட்டு வருவாய் இல்லை. சென்னை சிட்டி முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. கீழ்க் குழுவில் ஆடிப் பருவத்தை முடித்தது. அடுத்த பருவத்தில் 13 அணிகள் ஆடிய ஐ-லீக்கில் அதற்கு இடமில்லை.

ஒரு கழகம் எதை நம்பி நிற்கிறது?

கால்பந்துக் கழகத்துக்கு வருவாய் ஐந்து வழிகளில் வரும்: நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரதாரர், பரிசுத்தொகை, வீரர் பரிமாற்றக் கட்டணம். ஐ-லீக்கில் முதல் இரண்டும் மிகச் சிறியவை. பட்டத்துக்கான பரிசு 1 கோடி ரூபாய். ஓர் அணியின் பருவச் செலவுக்கு அது போதாது. ஒப்பந்தம் முடிந்த வீரரை மற்ற அணி கட்டணமின்றி அழைத்துக்கொள்ளலாம் என்பதால், குறுகிய ஒப்பந்தம் போடும் கழகத்துக்குப் பரிமாற்றத்தாலும் பெரிய பயன் இல்லை. மீதித் தொகையை ஒவ்வோர் ஆண்டும் உரிமையாளரே போட வேண்டும்.

அதனால்தான் ஆசியக் கூட்டமைப்பின் கழக உரிமம் விளையாட்டு, உள்கட்டமைப்பு, நிருவாகம், சட்டம், நிதி என்ற ஐந்து பிரிவுகளில் தகுதி கேட்கிறது. இளையோர் அணி உண்டா, மைதானம் உறுதியா, ஊதிய நிலுவை இல்லையா என்பவை பட்டத்தை விட முக்கியமான கேள்விகள்.

இதே கதை பிற இடங்களில்

இந்தியாவில் இது புதிதல்ல. மும்பையின் மகிந்திரா யுனைடெட் 2005-06இல் தேசியக் கால்பந்து லீக்கை வென்றது. 2010இல் நிறுவனம் அணியைக் கலைத்து, பள்ளி அளவிலான கால்பந்தில் கவனம் செலுத்தப் போவதாக அறிவித்தது. பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜேசிடி, 1996-97இல் அந்த லீக்கின் முதல் வாகையர். 2011இல் அதுவும் கலைக்கப்பட்டது. லீக்கில் ஆடுவதால் போதிய விளம்பரப் பயன் இல்லை என்பது அதன் காரணம்.

உலகளவில் ஸ்காட்லாந்தின் கிரெட்னா தெளிவான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் சிற்றூர் அது. புரூக்ஸ் மைல்சன் என்ற செல்வந்தரின் பணத்தால் தொடர்ந்து மூன்று முறை பதவி உயர்ந்து, 2006இல் ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்றது. 2008இல் அவர் நோயுற்றுப் பணம் நின்றதும், சில மாதங்களில் கழகம் கலைந்தது. அதே ஆண்டில் ரசிகர்களே சேர்ந்து கீழ்நிலை லீக்கில் ஒரு புதிய கழகத்தைத் தொடங்கினர்.

இதற்கு மாற்றாக, ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. செல்வந்தர் விலகினாலும் கழகம் ஊராரிடம் இருக்கும். உறுப்பினர் கழகங்களாக வளர்ந்த மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும்கூட அண்மைக் காலத்தில் முதலீட்டாளரைத் தேடின. ஆனால் முதலீட்டாளர் மாறியபோதும் ஈஸ்ட் பெங்கால் மறையவில்லை. நூறாண்டு ரசிகர் கூட்டம் அதைத் தாங்கியது.

மதிப்பீடு

சென்னை சிட்டியின் வெற்றி பணத்தால் மட்டும் வந்ததன்று. நல்ல பயிற்சியாளர், பொருத்தமான வெளிநாட்டு வீரர், வாய்ப்புக்காகக் காத்திருந்த உள்ளூர் இளைஞர் என மூன்றும் ஒரே பருவத்தில் கூடின. ஆனால் அந்த அணிக்குக் கீழே வேர் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. பெயரில் இருந்த நகரமும் ஆடிய நகரமும் வேறாக இருந்தன. வென்றவருக்கு மேலேற வழி இல்லாத லீக் அமைப்பு, உரிமையாளர் தொடர்ந்து செலவிடுவதற்கான காரணத்தையும் பலவீனமாக்கியது.

அதன் பயன் வீரர்களிடம் எஞ்சியிருக்கிறது. நந்தகுமார் சேகர் ஒடிசா அணியுடன் 2023இல் சூப்பர் கோப்பை வென்றார். அதே ஆண்டு டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பாகானுக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்தார். மாவட்டங்களில் பந்து உதைக்கும் சிறுவர்களுக்கு இவர்கள் கண்ட பாதை தெரியும். அந்தப் பாதையில் அடுத்தவர் நடக்கத் தமிழ்நாட்டுக்கு நிலைத்து நிற்கும் கழகங்கள் தேவை.