உயில் எழுதுவதும் மெய்ப்பிப்பதும்: வாரிசுரிமை வழக்கறிஞரின் தொழில்

ஒருவர் தம் காலத்துக்குப் பிறகு தம் சொத்து யாரைச் சேர வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவணம் உயில். அதை அவர்தான் தெளிந்த மனத்தோடு எழுதினார் என்று நீதிமன்றம் ஆராய்ந்தறிந்து, உயிலின் நகலில் தன் முத்திரையைப் பதித்து, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தோடு வழங்குவது உயில் மெய்ப்பிதழ். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இதனைப் ‘புரோபேட்’ என்றே சொல்வார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் சில வேளைகளில் இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. எழுதியவர் மறைந்திருப்பார், சாட்சிகள் முதுமை எய்தியிருப்பார்கள், எழுதிய நாளில் ஒற்றுமையாக இருந்த பிள்ளைகளுக்குள் பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருக்கும். இத்தனை மாற்றங்களையும் தாங்கும் ஆவணத்தை உருவாக்குவதும், பின்னர் அது எதிர்க்கப்படும்போது நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதும் வாரிசுரிமைச் சட்டத்தில் பழகிய வழக்கறிஞரின் தொழில். செய்தித்தாள்களில் அதிகம் இடம்பெறாத தொழிலாயினும், ஒரு குடும்பத்தின் ஒரே வீடு வழக்கில் சிக்குமா சிக்காதா என்பது பல நேரங்களில் இவருடைய கவனத்தைப் பொறுத்தே அமைகிறது.

இத்தொழிலுக்கெனத் தனிப் பட்டமோ தனி உரிமமோ இந்தியாவில் இல்லை. மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவுசெய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறிய எவரும் இதில் ஈடுபடலாம். எனினும் உண்மையான பயிற்சி சீனியர் ஒருவரின் அலுவலகத்தில் பழைய வழக்குக் கட்டுகளைப் படித்து, எந்தச் சொல்லால் எந்த உயில் தோற்றது என்று கண்டுகொள்வதில்தான் கிடைக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆகிய மூன்றும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். இஸ்லாமியர் ஒருவர் ஈமச்செலவும் கடனும் போக எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுத்தால் அது வாரிசுகளின் சம்மதமின்றிச் செல்லாது என்பது போன்ற தனிச்சட்ட விதிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

உயில் எழுத வருபவர் பெரும்பாலும் தம் மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் வருகிறார். ஆனால் அம்முடிவு எதன்மேல் நிற்கிறது என்பதை அவர் அறிந்திருப்பதில்லை. தம்முடையது என்று அவர் கருதும் வீடு சுயமாகச் சம்பாதித்ததா, பூர்வீகமாக வந்ததா என்பதை மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்த்தே வழக்கறிஞர் முடிவு செய்கிறார், ஏனெனில் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஒருவர் தம் பங்கை மட்டுமே உயிலால் கொடுக்க முடியும். அச்சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989லேயே சட்டமாக்கியது, நாடு முழுவதற்கும் அது 2005ல் வந்தது. உயிலே இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள அதே அளவு பங்கு அவருடைய தாய்க்கும் உண்டு என்பதும், தந்தையோ அந்த முதல் வகுப்பு வாரிசுகளில் சேரமாட்டார் என்பதும் பலருக்கு வியப்பாக இருக்கிறது. வங்கியிலோ பங்குக் கணக்கிலோ நாமினியாகப் பெயர் கொடுக்கப்பட்டவரே உரிமையாளர் என்ற நம்பிக்கையும் பரவலானது. பங்குகளுக்கு நியமிக்கப்பட்டவர் அவற்றைப் பெற்றுக்கொள்பவரே தவிர, வாரிசுரிமையை மீறி உரிமையாளர் ஆகிவிடமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023ல் தீர்ப்பளித்தது.

மேலைநாடுகளில் சொத்துத் திட்டமிடல் பெரும்பாலும் மரண வரியைக் குறைக்கும் கலையாக இருக்கிறது. இந்தியாவில் 1953ல் வந்த மரணச் சொத்து வரி 1985ல் கைவிடப்பட்டதால், இங்குத் திட்டமிடல் என்பது முதன்மையாகச் சச்சரவைத் தவிர்க்கும் முயற்சியே. உயிலா, செட்டில்மெண்ட் பத்திரமா என்ற கேள்வி அதில் முதலில் எழுகிறது. செட்டில்மெண்ட் உடனடியாக உரிமையை மாற்றிவிடும், உயிலோ எழுதியவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் அவர் அதை மாற்றலாம். வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அதே வீட்டில் இடமில்லாமல் நிற்கும் பெற்றோருக்கு 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பத்திரத்தை ரத்து செய்யும் வழியைத் தருகிறது என்றாலும், அவ்வழி பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சார்ந்தது. ஆகவே செட்டில்மெண்ட் கேட்டு வரும் முதியவரை உயிலின் பக்கம் திருப்புகிற வழக்கறிஞர் பல நேரங்களில் அவருக்குப் பெரும் நன்மையே செய்கிறார்.

உயில் வாசகம் முடிவான பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி எழுதியவர் கையொப்பமிட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், ஒவ்வொருவரும் அவர் கையொப்பமிடுவதைக் கண்டோ, இது தம் கையொப்பமே என்று அவர் ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கு உயிலின் உள்ளடக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள வழக்கறிஞர் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களையே சாட்சியாக்கச் சொல்கிறார். உயிலால் பயன்பெறும் மகனையோ மருமகளையோ வெளி அறையில் உட்காரவைத்துவிட்டு, எழுதுபவரிடம் தனியாக வாசகத்தைப் படித்துக்காட்டுகிறார். முதுமையோ நோயோ இருந்தால் மருத்துவரின் சான்றையும் இணைக்கிறார். ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுத்தால் அதன் காரணத்தையும், உதாரணமாக மூத்த மகளின் திருமணத்தின்போதே அவளுக்கு மனை வாங்கிக் கொடுத்தாயிற்று என்பதையும், ஒரு வரியில் எழுதவைக்கிறார். விட்டுப்போன சொத்துக்கும் வழி இருக்கும்படி ‘இதில் குறிப்பிடாத, பிற்பாடு சேரும் அனைத்தும்’ இன்னாரைச் சேரும் என்ற எஞ்சிய சொத்து வாசகமும், உயிலை நடத்திவைக்கும் நிறைவேற்றுநரின் பெயரும் இல்லாத உயில் அரைகுறையானது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்தால் ஆவணம் தொலையாது, ஆயினும் பதிவு மட்டுமே உயிலை மெய்ப்பித்துவிடாது.

எழுதியவர் இறந்ததும் நிறைவேற்றுநர் அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்துப் பட்டியல், சாட்சி ஒருவரின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றோடு மனுச் செய்கிறார். உயில் இருந்தும் நிறைவேற்றுநர் இல்லையென்றால், மெய்ப்பிதழுக்குப் பதிலாக உயிலை இணைத்த நிர்வாக உரிமை ஆவணத்தைக் கேட்க வேண்டும். வாரிசுகள் அனைவருக்கும் அறிவிப்பு செல்கிறது. எவரேனும் ‘கேவியட்’ எனப்படும் முன்னெச்சரிக்கை மனுவைத் தாக்கல் செய்து எதிர்த்தால், அதுவரை ஓ.பி. (மூல மனு) எண்ணோடு இருந்த மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காக மாறி, முழு விசாரணைக்குச் செல்கிறது.

அந்த விசாரணையின் மையம் சாட்சியின் குறுக்கு விசாரணை. எந்த அறை, யார் முதலில் கையொப்பமிட்டார், பேனா யாருடையது, அப்போது மகன் எங்கே நின்றார் என்ற கேள்விகள் சிறியவையாகத் தோன்றும்; ஆனால் ஐயத்துக்குரிய சூழ்நிலைகள் இருந்தால் அவற்றை நீக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவரையே சாரும் என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950களின் இறுதியில் வகுத்த நெறிதான் இன்றும் ஆள்கிறது. தடுமாறும் கையொப்பம், பயனடைபவரே ஏற்பாடுகளில் முன்நின்றது, காரணமின்றி மனைவியை விலக்கியது ஆகியவை அத்தகைய சூழ்நிலைகள். சாட்சிகள் இருவருமே இறந்துவிட்டால், அவர்களுள் ஒருவரது கையெழுத்தையும் எழுதியவரது கையொப்பத்தையும் பிறர் வாயிலாக நிரூபிக்க வேண்டும். இளம் சாட்சி வேண்டும் என்ற அறிவுரையின் மதிப்பு அன்றுதான் தெரியும்.

மதுரையில் எழுதப்பட்ட, மதுரை வீட்டைப் பற்றிய ஓர் இந்துவின் உயிலுக்கு வேண்டாத மெய்ப்பிதழ், மயிலாப்பூர் வீட்டைப் பற்றிய உயிலுக்குக் கட்டாயமாக இருந்து வந்தது. வங்காளத்தையும் சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களையும் முன்னிட்டு 1870ல் இயற்றப்பட்ட இந்து உயில் சட்டத்தின் எச்சமாக இவ்வேறுபாடு 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57, 213ஆம் பிரிவுகளில் தொடர்ந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002ல் விலக்கு கிடைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே நீக்கியது. ஊருக்கொரு நீதியாக இருந்த இந்த விதி நீங்கியது நியாயமே. வழக்கே இல்லாத குடும்பங்களும் கட்டணம் செலுத்திக் காத்திருந்த நிலை அதனால் குறையும்.

ஆனால் உயிலை நிரூபிக்கும் சுமை அதனோடு நீங்கிவிடவில்லை. நாளை பாகப்பிரிவினை வழக்கில் ஒருவர் உயிலைக் காட்டினால், அங்கும் சாட்சியைக் கூண்டில் ஏற்றியே தீர வேண்டும். மெய்ப்பிதழ் விரும்பிப் பெறும் ஒன்றாக நீடிக்கிறது. மேலும் சாதாரணத் தீர்ப்பு வழக்காடியவர்களை மட்டுமே கட்டுப்படுத்த, மெய்ப்பிதழ் உலகத்தார் அனைவரையும் கட்டுப்படுத்துவதால், பிள்ளைகள் பிரிந்து நிற்கும் குடும்பங்களுக்கு அதைப் பெற்றுவைப்பதே பாதுகாப்பு. சிங்கப்பூரில் வாழ்ந்து மறைந்த தமிழர் ஒருவரின் உயிலை அங்குள்ள நீதிமன்றம் மெய்ப்பித்திருந்தாலும், சென்னையில் அவர் விட்டுச்சென்ற வீட்டின் வாரிசுரிமையை இந்தியச் சட்டமே தீர்மானிக்கிறது. அத்தகைய உயிலின் சான்றளிக்கப்பட்ட நகலை இணைத்து இங்கே நிர்வாக உரிமை பெறும் வழியை 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 228ஆம் பிரிவு தருகிறது. இவ்வகை மனுக்களில் இரண்டு நாட்டு ஆவணங்களையும் ஒருசேரப் படித்துப் பொருத்தும் பயிற்சி வேண்டியிருப்பதால், இளம் வழக்கறிஞர்கள் இத்துறையில் கவனமாகப் பழக வேண்டிய பகுதியாக அது உருவாகி வருகிறது.