கிராமப் பிரதிநிதி கேட்ட கணக்கு

கிராமங்களின் வோட்டைப் பெற்றுச் சட்டசபைக்குச் செல்லும் பிரதிநிதியின் வேலை என்ன? தொகுதிக்கு ஒரு பாதை, ஒரு பாலம், ஓர் அணை வாங்கிக் கொடுத்துவிட்டால் அவருடைய கடமை தீர்ந்துவிட்டதென்று கருதுவோர் பலர். அதுவும் கடமைதான், ஆனால் அதில் சிறு பகுதியே. சர்க்கார் செலவழிக்கும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? குடியானவனுக்குக் கடன் என்ன வட்டிக்குக் கிடைக்கிறது? ஒரே சரக்கைப் பெரிய முதலாளி ஒரு விலைக்கும், சிறு கடைக்காரர் அதனினும் அதிக விலைக்கும் வாங்க நேருவது ஏன்? இக்கேள்விகளைச் சபையில் எழுப்பி, விடை கிடைக்கும் வரையில் ஓயாதிருப்பதே கடமையின் பெரும் பகுதியாகும். இவ்விரண்டையும் 47 ஆண்டுகள் விடாது செய்துவந்த ஒருவரின் சரித்திரம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருக்கிறது. அவர் பெயர் ரைட் பாட்மன். அவருடைய வெற்றிகளைப் போலவே தோல்விகளும் குறைகளும் ராஜீய வாழ்வில் ஈடுபட்டோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை.

மிஸ்டர் பாட்மன் 1893-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள காஸ் ஜில்லாவில் பிறந்தவர். அது பருத்தி விளையும் சீமை. அவர் குடும்பம் செல்வம் படைத்ததன்று. சட்டம் பயின்று வக்கீலானார். முதல் உலக யுத்த காலத்தில் ராணுவத்தில் சேவை செய்தார். 1921 முதல் மாகாணச் சட்டசபையில் அங்கத்தினராக இருந்தார். பின்னர் டெக்ஸார்கானா நகரில் சர்க்கார் வக்கீல் பதவி வகித்தார். 1928-ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றி பெற்று, 1929 மார்ச் மாதத்தில் வாஷிங்டனிலுள்ள பிரதிநிதி சபையில் அமர்ந்தார். 1976 மார்ச் 7-ந் தேதி காலமாகும் வரையில் அந்த ஸ்தானத்தை அவர் இழக்கவேயில்லை.

அவர் சபைக்குச் சென்ற அதே ஆண்டில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. 1929-ல் பவுண்டுக்குச் சுமார் 17 சென்ட் விற்ற பருத்தி 1931-ல் 6 சென்டுக்கும் கீழே இறங்கிற்று. பருத்தியின் விலை இறங்கியதேயன்றிக் குடியானவனுடைய கடன் இறங்கவில்லை. முன்பு 590 பவுண்டு பருத்தியை விற்றால் 100 டாலர் கடன் அடைந்துவிடும். இப்போது அதே கடனுக்கு 1,600 பவுண்டுக்கு மேல் விற்கவேண்டியதாயிற்று. கடன் ஏட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் உழவன் தலையிலிருந்த பாரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. பாங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. கிராமங்களில் பணத்தைக் கண்ணால் காண்பதே அரிதாயிற்று. உழவன் சோம்பேறியாகிவிட்டதாலா இந்த நிலை வந்தது? பணத்தின் அளவையும் வட்டியையும் நிர்ணயிக்கும் அதிகாரம் எங்கோ சிலர் கையில் இருந்ததாலன்றோ வந்தது? மிஸ்டர் பாட்மனின் ராஜீயம் முழுவதும் இக்கேள்வியிலிருந்தே முளைத்ததென்று கூறலாம்.

முதலில் அவர் கையிலெடுத்தது யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் பாத்தியதை. அவர்களுக்கு ஈட்டுத் தொகை கொடுப்பதாக 1924-ல் சட்டம் செய்திருந்தார்கள். ஆனால் பணம் கைக்கு வருவது 1945-ல்தான். பசித்திருப்பவனிடம் பல ஆண்டுகள் கழித்து விருந்து என்று சொல்வதுபோல இருந்தது இது. உடனே கொடுக்கவேண்டுமென்று மிஸ்டர் பாட்மன் மசோதா கொண்டுவந்தார். அப்பணம் பாங்கிகளில் தங்காது. ஊர் ஊராகப் பரவிக் கடைக்காரனுக்கும் உழவனுக்கும் உயிர் கொடுக்கும் என்பது அவருடைய வாதம். 1932-ல் பல்லாயிரம் பழைய சிப்பாய்கள் தலைநகரில் கூடினார்கள். ஜூன் 15-ந் தேதி பிரதிநிதி சபை மசோதாவை நிறைவேற்றியது. இரண்டே நாளில் செனட் சபை அதைத் தள்ளிவிட்டது. ஜூலை 28-ந் தேதி அச்சிப்பாய்களை அந்நாட்டு ராணுவமே தலைநகரிலிருந்து விரட்டியது. மிஸ்டர் பாட்மன் மனம் தளரவில்லை. 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மசோதாவை நிராகரித்தார். செனட்டில் போதிய வோட்டு கிடைக்காமல் அது வீழ்ந்தது. முடிவில், சற்று மாறிய உருவத்தில், 1936 ஜனவரியில் ஜனாதிபதியின் மறுப்பையும் மீறி அது சட்டமாயிற்று.

அவ்வாண்டுகளில் அவர் செய்த மற்றொரு காரியம் இன்னும் துணிகரமானது. மிஸ்டர் ஆண்ட்ரூ மெல்லன் 1921 முதல் மூன்று ஜனாதிபதிகளின்கீழ்ப் பொக்கிஷ மந்திரியாக இருந்தவர். நாட்டின் தலைசிறந்த செல்வர்களில் ஒருவர். வியாபாரத்தில் சம்பந்தமுள்ளவர் அப்பதவியை வகிக்கலாகாதென்பது சட்டம். அவருக்கோ பல கம்பெனிகளில் பங்கு உண்டு. 1932 ஜனவரியில், சபைக்கு வந்து மூன்றாண்டும் நிறையாத இந்தக் கிராமத்து அங்கத்தினர், மந்திரிமீது குற்றச்சாட்டு விசாரணை நடத்தவேண்டுமென்று எழுந்து கேட்டார். விசாரணை முற்றுப்பெறுவதற்குள் மிஸ்டர் மெல்லன் இங்கிலாந்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார், விசாரணையும் நின்றது. குற்றம் ருசுவாகவில்லை, ஆயினும் நாற்காலி காலியாயிற்று.

கடன் விஷயத்தில் அவர் செய்த சேவையில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாஸ்டன் நகரத்து வியாபாரியான எட்வர்ட் ஃபைலீன் 1907-ல் இந்தியாவில் யாத்திரை செய்தபோது, வங்காளத்துக் கிராமங்களில் குடியானவர்கள் தங்களுக்குள் சேர்ந்து நடத்திய கூட்டுறவு நாணயச் சங்கங்களைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் நாட்டில் பரப்ப முனைந்தார். அவ்வியக்கத்துக்கு 1934-ல் சமஷ்டி சர்க்காரின் சட்ட ஆதரவு கிடைத்தது. அம்மசோதாவைச் செனட்டில் நடத்தியவர் டெக்ஸாஸைச் சேர்ந்த மிஸ்டர் ஷெப்பர்ட். பிரதிநிதி சபையில் நடத்தியவர் மிஸ்டர் பாட்மன். அத்தகைய நாணயச் சங்கங்களில் இன்று அந்நாட்டில் 13 கோடிக்கு மேற்பட்டோர் அங்கத்தினர்கள்.

சிறு வியாபாரிகளின் விஷயத்துக்கு வருவோம். அந்நாளில் நாடெங்கும் கிளைக் கடைகள் வைத்த பெருங் கம்பெனிகள் வளர்ந்தன. மொத்தமாக வாங்குவோருக்குச் செலவு குறைவதால் விலை குறைவது நியாயமே. ஆனால் செலவுக் குறைவுக்கு மேலும் இரகசியத் தள்ளுபடி, தரகரே இல்லாத வியாபாரத்தில் தரகு, விளம்பரத்துக்கென்று பணம் ஆகியவற்றைத் தங்கள் பலத்தைக் காட்டி அவை பெற்றன. 1936-ஆம் ஆண்டின் ராபின்ஸன்-பாட்மன் சட்டம் இதைத் தடுக்க எழுந்தது. ஒரே சரக்கை வாங்கும் போட்டி வியாபாரிகளிடையே, போட்டியைக் கெடுக்கும்படியான விலைப் பேதம் கூடாது. செலவில் உண்மையான வித்தியாசம் இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம் என்பதே அதன் சாரம். இச்சட்டத்தைக் குறை கூறியோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதன் மூல நகலைத் தயாரித்தவர் மொத்த மளிகை வியாபாரிகள் சங்கத்தின் வக்கீல் என்பதும், விலை ஏறினால் நஷ்டப்படுவது பொருள் வாங்கும் ஏழையே என்பதும் அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. கிளைக் கடைகளின் எண்ணிக்கை ஏற ஏற வரியும் ஏறும்படி 1938-ல் அவர் கொண்டுவந்த மசோதா எல்லை மீறியது. அதைச் சபை ஏற்கவில்லை. ஆனால் கடைத்தெருவில் பலசாலிக்கு ஒரு தராசும் பலவீனனுக்கு வேறு தராசும் இருக்கலாமா என்ற மூலக் கேள்வி அதனால் பொய்யாகிவிடாது.

இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது இக்கேள்வி சர்க்கார் செலவிலேயே எழுந்தது. 1941-ல் பிரதிநிதி சபை சிறு தொழில்களுக்கென ஒரு கமிட்டியை நியமித்து, மிஸ்டர் பாட்மனை அதன் தலைவராக்கிற்று. சிறு தொழிற்சாலைகளுக்கு யுத்த வேலையில் பங்கும் கடனும் கிடைக்க 1942-ல் ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தப்பட்டது. அப்படியிருந்தும், 1940 ஜூன் முதல் 1944 செப்டம்பர் வரையில் கொடுக்கப்பட்ட பெரிய யுத்தக் கான்ட்ராக்டுகளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு 100 கம்பெனிகளுக்கே போயிற்று. ஜனங்கள் எல்லோரும் வரி கொடுத்தார்கள். பெரும் பலனைச் சிலரே பெற்றார்கள். ஆயினும் கமிட்டியின் உழைப்பு வீண்போகவில்லை. 1953-ல் சிறு தொழில்களுக்கென நிறுவப்பட்ட சர்க்கார் இலாகா இன்றளவும் நடந்துவருகிறது.

தம் தொகுதிக்குச் சர்க்கார் பணத்தைக் கொண்டுவருவதிலும் அவர் சளைத்தவரல்லர். டெக்ஸார்கானாவின் அருகே யுத்த காலத்தில் எழுந்த ஆயுதக் கிடங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் பருத்தியையே நம்பியிருந்த சீமைக்குக் கூலி வேலை கொடுத்தன. அங்கே சல்பர் நதிக்குக் குறுக்கே சர்க்கார் கட்டிய அணையின் ஏரிக்கு 1973-ல் அவர் பெயரையே சூட்டினார்கள். 1946-ஆம் ஆண்டின் வேலை வாய்ப்புச் சட்டத்தைப் பிரதிநிதி சபையில் கொண்டுவந்தவரும் அவரே. எல்லோருக்கும் வேலை என்ற உறுதிமொழி அதில் தேய்ந்துபோயிற்று. எனினும் வேலை வாய்ப்பைக் காப்பது சர்க்காரின் பொறுப்பு என்ற கொள்கை சட்டத்தில் ஏறிற்று.

1963 முதல் 1975 வரையில் பாங்கி விவகாரக் கமிட்டியின் தலைவராக இருந்தபோது, மத்திய பாங்கியின் கணக்கைப் பொதுக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்கவேண்டுமென்று அவர் இடைவிடாது வற்புறுத்தினார். உயர்ந்த வட்டி ஏழைமீது விதிக்கப்படும் வரி என்பது அவர் கொள்கை. 1972-ல் வாட்டர்கேட் விவகாரத்தில் பணம் வந்த வழியை முதன்முதல் துருவப் புகுந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய கமிட்டியே 20-க்கு 15 வோட்டுகளால் அதைத் தடுத்துவிட்டது. 1975 ஜனவரியில், புதிதாக வந்த இளம் அங்கத்தினர்களின் ஆதரவோடு, அவருடைய சொந்தக் கட்சியே அவரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கிற்று. மத்திய பாங்கித் தணிக்கைச் சட்டம் அவர் காலமானபின் 1978-லேயே வந்தது. அதிலும் வட்டிக் கொள்கை விலக்கப்பட்டிருந்தது.

இத்தனை கேள்விகளைக் கேட்ட அப்பெரியவர் ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அவருடைய தொகுதியில் பருத்தி எடுத்தவர்களில் நீக்ரோ குத்தகைக்காரர் பலர். 1944-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வரும் வரையில் டெக்ஸாஸில் ஜனநாயகக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் வோட்டுச் செய்ய அவர்களுக்கு இடமில்லை. இளமையில் கூ கிளக்ஸ் கிளான் என்ற கொடிய கூட்டத்தை மாகாணச் சட்டசபையில் எதிர்த்து நின்ற அதே மனிதர், 1956-ல் வெள்ளையரும் நீக்ரோக்களும் ஒரே பள்ளியில் படிக்கலாகாதென்ற தென்மாகாண அங்கத்தினர்களின் அறிக்கையில் கையெழுத்திட்டார். பாங்கி முதலாளிக்கு அஞ்சாத நெஞ்சம் வோட்டர்களின் துவேஷத்துக்கு அஞ்சிற்று. சிறியவனுக்காகப் போராடுகிறேன் என்பவன் எந்தச் சிறியவனைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் ஜனங்கள் பார்க்கவேண்டும்.

அவருடைய சட்டத்தின் கதி மற்றொரு பாடம். சட்டப் புத்தகத்தில் ராபின்ஸன்-பாட்மன் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் அதன்கீழ் ஒரு வழக்கும் தொடரவில்லை. 2024 டிசம்பரில் மதுபானங்களை மொத்தமாக விநியோகிக்கும் ஒரு பெருங் கம்பெனிமீதும், 2025 ஜனவரியில் பெப்ஸிகோ கம்பெனிமீதும் வழக்குத் தொடர்ந்தது. ஜனாதிபதி மாறியபின், 2025 மே மாதத்தில் பெப்ஸிகோ வழக்கைக் கமிஷனே கைவிட்டது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நடத்துவோர் மாறினார்கள், அவ்வளவே.

ஆகவே, கிராமத் தொகுதிகளில் உழைக்கும் தொண்டர்கள் தங்கள் பிரதிநிதியிடம் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தலாகாது. என்ன வட்டி, என்ன விலை, யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்று கேட்கவேண்டும். சட்டம் நிறைவேறிய அன்றே வீட்டுக்குப் போய்விடாமல், அது நடக்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்கவேண்டும். ஒரு மனிதர் 47 ஆண்டுகள் கேட்டார். சிலவற்றைச் சாதித்தார், பலவற்றை இழந்தார். அவர் மறைந்தபின் கேட்போர் குறைந்தனர், சட்டமும் உறங்கிற்று. அதை விழித்திருக்கச் செய்யும் வேலை ஒரு பிரதிநிதியின் ஆயுளோடு முடிவதன்று. அவரை அனுப்பும் ஜனங்களுடையது.